ரெஸ்யூமே எழுதித் தருபவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): பெங்களூரு இராமமூர்த்தி நகரில் வசிக்கிறேன். வயது 41. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, பொம்மசந்திராவில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்கள் லைனைப் புனே பக்கம் மாற்றியதால் ஐந்து மாதங்களுக்கு முன் வேலை போய்விட்டது. அறுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் இரண்டே அழைப்புகள்தான் வந்தன. ரெஸ்யூமே எழுதித் தரும் நிறுவனம் ஒன்று 7,500 ரூபாயும் ஜிஎஸ்டியும் கேட்கிறது. 'ஏடிஎஸ் ஸ்கோர் 95' வரும், இன்டர்வியூ நிச்சயம் என்கிறார்கள். ஒரு கன்சல்டன்சி பதிவுக் கட்டணம் 15,000 ரூபாய் கேட்கிறது. வேலை கிடைக்காவிட்டால் திருப்பித் தருவார்களாம். பணம் எதுவும் கேட்காத இன்னொரு ரெக்ரூட்டர், ரெஸ்யூமேயை வாங்கிக்கொண்டு அதன் பிறகு போனையே எடுப்பதில்லை. தமிழ் வழியில் படித்தவள் நான். எழுதும் ஆங்கிலம் சுமார்தான். இவர்களால் உண்மையில் பயன் உண்டா? ரெஸ்யூமேயில் பிறந்த தேதியைப் போட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 15,000 ரூபாயைக் கட்டாதீர்கள். திருப்பித் தருவோம் என்று எழுத்தில் கொடுத்தாலும் கட்டாதீர்கள். ஒருவேளை ஏதேனும் ஒரு தொகையை ஏற்கெனவே அனுப்பிவிட்டு, இப்போது ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை இன்றே அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் ஆளெடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் ஒரு கன்சல்டன்சியில், அதன் பிறகு தொழிற்சாலைகளின் எச்.ஆர். பிரிவுகளில். கன்சல்டன்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால், உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். பணம் கொடுப்பது ஆள் கேட்கும் நிறுவனம். எங்கள் தொழிலில் பரவலாக வழங்கும் கணக்கு 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. உங்களை ஒன்பது லட்சம் சி.டி.சி.யில் (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்த ஆண்டுச் செலவு) ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டால், உங்களை அனுப்பிவைத்த கன்சல்டன்சிக்கு அது ஏறத்தாழ 75,000 ரூபாய் கொடுக்கும். அதுவும் நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகுதான், பெரும்பாலும் 90 நாட்களுக்குள் நீங்கள் விலகிவிட்டால் வேறொருவரை இலவசமாகத் தேடித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கையில் உண்மையாகவே ஒரு வேலையை வைத்திருப்பவர், அந்த 75,000-ஐ நோக்கித்தான் ஓடுவாரே தவிர, ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லாத ஒருவரிடம் 15,000 கேட்டு நிற்க மாட்டார். பதிவுக் கட்டணம் வாங்குபவருக்கு அந்தக் கட்டணத்தோடு வருமானம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நீங்கள் வேலையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் கொண்டுவந்த 181-ஆம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாகவே வைத்திருக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. ஆகவே நம் ஊரில் இந்த எச்சரிக்கையை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, போனை எடுக்காத ரெக்ரூட்டர். அவர்மேல் உங்களுக்கு இருக்கும் வருத்தம் நியாயமானது. பதில் சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலின் மிக மோசமான பழக்கம், அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் உங்களை ஏமாற்றினார் என்று எண்ண வேண்டாம். ஒரு வேலைக்கு முப்பது பேரிடம் பேசி, எட்டுப் பேரை அனுப்பி, ஒருவர் சேர்ந்தால் மட்டுமே காசு பார்க்கும் மனிதர் அவர். நிறுவனம் உங்களை ஷார்ட்லிஸ்ட் செய்யவில்லை என்றதும் அவருடைய கவனம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. அவர் நிறுவனத்துக்காக ஆள் தேடுகிறார். உங்களுக்காக வேலை தேடவில்லை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் அவரிடமிருந்து பெறக்கூடியதை மட்டும் எதிர்பார்ப்பீர்கள், அது கிடைக்கவும் செய்யும். அந்த இடம் ஏன் காலியானது, மேனேஜர் இன்டர்வியூவில் எதைத் துருவுவார், சம்பளத்தில் எதுவரை ஏறுவார்கள் என்பவை விளம்பரத்தில் வராத விவரங்கள். நல்ல ரெக்ரூட்டர் கேட்டால் சொல்வார்.

அவருடைய மேசையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ரெஸ்யூமே எங்கே தொலைகிறது என்பது அங்கேதான் புரியும். காலையில் ஒரு நிறுவனத்திடமிருந்து 'குவாலிட்டி இன்ஜினியர், பத்து ஆண்டு அனுபவம்' என்று ஜே.டி. (வேலை விவரக் குறிப்பு) வருகிறது. ரெக்ரூட்டர் நௌக்ரி போன்ற தளத்தின் டேட்டாபேஸைத் திறந்து, தேடுபெட்டியில் நான்கைந்து சொற்களைத் தட்டுகிறார்: ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறையின் தரநிலை), பிபிஏபி (பாகத்துக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் பெறும் நடைமுறை), 8டி (புகாரின் மூலக் காரணத்தைக் காணும் எட்டுப் படி முறை), எஸ்பிசி (புள்ளிவிவரம் கொண்டு உற்பத்தியைக் கண்காணிப்பது). பிறகு ஊர், சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியாகத் தளத்துக்குள் வந்த நாள் ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டுகிறார். ஆயிரம் பேர் நூறாகிறார்கள், நூறில் முதல் இரண்டு பக்கங்களைத்தான் அவர் பார்க்கிறார்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேயைத் திறந்து பார்த்தேன். 'டிஎஸ் 16949 தணிக்கையில் அனுபவம்' என்று இருக்கிறது. அந்தத் தரநிலை 2016 அக்டோபரிலேயே ஐஏடிஎஃப் 16949 என்று மாறிவிட்டது. புதிய தரநிலையில் நீங்கள் பல தணிக்கைகளைச் சந்தித்திருப்பதும் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆனாலும் பழைய பெயரே ரெஸ்யூமேயில் நிற்பதால், புதிய பெயரைத் தட்டித் தேடுபவருக்கு நீங்கள் அகப்படவே மாட்டீர்கள். பிபிஏபி என்ற சொல் எங்குமே இல்லை. நீங்கள் அதைச் செய்யாமல் 14 ஆண்டுகள் அந்தப் பிரிவில் இருந்திருக்க முடியாது. விருப்பமான ஊர் என்ற இடத்தில் பெங்களூரு மட்டும் இருக்கிறது. நீங்கள் இருக்கும் இராமமூர்த்தி நகரிலிருந்து பழைய மெட்ராஸ் சாலையைப் பிடித்தால் ஹொசகோட்டே, நரசாபுரா, வேமகல் என்று தொழிற்பேட்டைகள் வரிசையாக இருக்கின்றன. சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் பொம்மசந்திரா போய்வந்த உங்களுக்கு அது பெரிய தொலைவாகத் தோன்றாது. அவற்றில் நரசாபுராவும் வேமகலும் கோலார் மாவட்டக் கணக்கில் வரும் என்பதால், கோலாரையும், கூடவே ஓசூரையும் சேருங்கள். வாரத்தில் இரண்டு நாள் தளத்துக்குள் போய் ஒரு சிறு திருத்தமாவது செய்யுங்கள். இந்த நான்குக்கும் ஒரு பைசா செலவில்லை. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் கட்டணமின்றிப் பதிவு செய்து வையுங்கள்.

ரெக்ரூட்டர்களிடம் ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள்: எந்த நிறுவனத்துக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று பெயர் சொல்லாதவரிடம் ரெஸ்யூமேயைக் கொடுக்காதீர்கள். ஒரே ஆளை இரண்டு கன்சல்டன்சிகள் ஒரே நிறுவனத்துக்கு அனுப்பினால், யாருக்குப் பணம் என்ற வழக்கு எழுகிறது. அந்தத் தலைவலி வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கிவைத்த நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒதுக்கப்பட்டவருக்குக் காரணமே தெரியாது. ஒரு நோட்டில் தேதி, கன்சல்டன்சி, நிறுவனம் என்று மூன்று நெடுவரிசை போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 7,500 ரூபாய்க்கு வருகிறேன். ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு அது 8,850. ரெஸ்யூமே எழுதித் தருபவர்களால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எம்மா வைல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய இரு சகாக்களும் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இணைய வேலைச் சந்தை ஒன்றில் புதிதாகப் பதிவு செய்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரில், ஒரு பகுதியினருக்கு மட்டும் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை திருத்தும் மென்பொருளின் உதவி ரெஸ்யூமே எழுதும்போது தரப்பட்டது. உதவி பெற்றவர்களுக்கு வேலை கிடைத்தது மற்றவர்களைவிட 8 சதவீதம் அதிகம். எழுத்து தெளிவாக இருந்தால் பலன் உண்டு என்பதற்கு அது நல்ல சான்று. பளபளப்பான வடிவமைப்பும் ஆடம்பரச் சொற்களும் அந்த உதவியில் கிடையாது, பிழை நீங்கிய தெளிவான வாக்கியங்கள்தான் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே, பணம் கொடுப்பதானால் எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு வரி இருக்கிறது: 'இன்கமிங் இன்ஸ்பெக்ஷன், கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பொறுப்பு.' இந்த வரியை இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள்! ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தின் நடுவில், மனம் நொந்து, ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். வாடிக்கையாளரின் லைனில் போல்ட் இறங்கவில்லை என்று ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. எல்லோரும் மிஷின் ஆபரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நீங்கள் துளையின் மரையை அளக்கும் கருவியான த்ரெட் பிளக் கேஜையே எடுத்துக் கேலிபரேஷனுக்கு (அளவுச் சரிபார்ப்புக்கு) அனுப்பினீர்கள். கேஜ் தேய்ந்திருந்ததால், இறுகலாக இருந்த துளைகளையும் அது 'சரி' என்று விட்டிருக்கிறது. அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடந்த கேஜ் சரிபார்ப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றவைத்தீர்கள், நீங்கள் விலகும் வரை இரண்டு ஆண்டுகளில் அந்தப் பாகத்தில் மறுபடி புகாரே வரவில்லை. இதைப் படித்தபோது, இப்படிப்பட்டவரை வேண்டாம் என்று அறுபது இடங்களில் விட்டிருக்கிறார்களே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர்கள் உங்களை நிராகரிக்கவில்லை. இந்த உங்களை அவர்கள் பார்க்கவே இல்லை.

அந்தச் சம்பவம் ரெஸ்யூமேயில் இப்படி வர வேண்டும்: 'திரும்பி வந்த லாட்டின் மூலக் காரணம் தேய்ந்த த்ரெட் பிளக் கேஜ் என்று 8டி ஆய்வில் கண்டறிந்தேன், கேஜ் சரிபார்ப்பு இடைவெளியை ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைத்தேன், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பாகத்தில் புகார் இல்லை.' படிக்கிற குவாலிட்டி மேனேஜர் அந்த வரியில் நின்றுவிடுவார். இதை உங்களிடமிருந்து வெளியே எடுப்பதற்கு யாராவது எதிரில் உட்கார்ந்து 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்க வேண்டும். ரெஸ்யூமே எழுதுபவரின் உண்மையான தொழில் அந்தக் கேள்விகள்தான். ஆகவே அந்த நிறுவனத்தை அழைத்து, எழுதப்போகிறவர் என்னிடம் எவ்வளவு நேரம் பேசுவார், உற்பத்தித் துறையில் அவர் இதற்கு முன் எழுதியது உண்டா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஒரு மணி நேரமாவது பேசுவார், முதல் வரைவைப் பார்த்துவிட்டு மறுபடியும் பேசுவார் என்றால், கையில் பணம் இருக்கும் பட்சத்தில் யோசிக்கலாம். படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், 48 மணி நேரத்தில் வந்துவிடும் என்றால், நீங்கள் எழுதியதையே நல்ல தாளில் திருப்பித் தரப்போகிறார்கள் என்று பொருள்.

'ஏடிஎஸ் ஸ்கோர் 95' என்ற பேச்சை நம்பாதீர்கள். விண்ணப்பங்களை வாங்கிச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருளுக்கு ஏடிஎஸ் என்று பெயர். அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எல்லாவற்றுக்கும் பொதுவான மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. அந்த 95 அவர்களுடைய சொந்தக் கருவி போடும் மதிப்பெண். மென்பொருள் ரெஸ்யூமேயைத் தவறாகப் படிக்கும் ஆபத்து மட்டும் உண்மைதான். நீங்கள் இறக்கிப் பயன்படுத்தியிருக்கும் டெம்ப்ளேட்டில் இடப்பக்கம் நீலப் பட்டை, அதற்குள் கட்டம் போட்டுத் திறன்கள், மேல் ஓரத்தில் ஹெட்டருக்குள் போன் நம்பர் என்று இருக்கிறது. எழுத்தையெல்லாம் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நான் ஒட்டிப் பார்த்தபோது வேலை விவரமும் திறன்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, போன் நம்பர் வரவே இல்லை. உங்களுக்கு அழைப்பு வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே நெடுவரிசையில், மேலிருந்து கீழாக, சாதாரண எழுத்தில் போடுங்கள்.

இன்டர்வியூ நிச்சயம் என்ற வாக்குறுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்டர்வியூவுக்கு அழைப்பது நிறுவனம். அதன் சார்பில் இன்னொருவர் சத்தியம் செய்ய முடியாது.

என் கன்சல்டன்சி நாட்களில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஓர் இளைஞர், ஸ்டோர்ஸ் பிரிவில் ஆறு ஆண்டு அனுபவம், இன்டர்வியூவுக்கு வந்திருந்தார். நிறுவனத்தின் அதிகாரி அவருடைய ரெஸ்யூமேயைப் பார்த்து எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் எந்த மாட்யூல் தெரியும் என்று கேட்டதும் அவர் விழித்தார். அவர் எஸ்ஏபி-யைத் தொட்டதே இல்லை. பணம் வாங்கி எழுதிக் கொடுத்தவர் அவருக்குத் தெரியாமலேயே அந்த வரியைச் சேர்த்திருக்கிறார். நானும் ஒத்துப்பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அந்த இளைஞர் தலை குனிந்து வெளியே வந்த காட்சி இன்றும் என் கண்ணில் இருக்கிறது. அன்று முதல், ஆளை உட்காரவைத்து வரிக்கு வரி வாசித்துச் சரிபார்க்காமல் ஒரு ரெஸ்யூமேயையும் நான் அனுப்பியதில்லை. யார் எழுதிக் கொடுத்தாலும், எந்த மென்பொருள் எழுதிக் கொடுத்தாலும், ஒவ்வொரு வரிக்கும் ஐந்து நிமிடம் உங்களால் பேச முடியுமா என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள். சாட்ஜிபிடி ஆங்கிலத்தை நன்றாகத் திருத்தும், ஆனால் நீங்கள் சொல்லாத சதவீதங்களையும் சேர்த்துவிடும்.

ஐந்து மாத இடைவெளியை மறைக்கத் தேதியை மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். வேலையில் சேரும் முன் நடக்கும் சரிபார்ப்பில் உங்கள் பி.எஃப். கணக்கின் யுஏஎன் எண்ணைக் கேட்பார்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பது பி.எஃப். பதிவில் இருக்கிறது. 'உற்பத்தி லைன் வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்டதால் பணி நிறைவு' என்று ஒரே வரியில் உள்ளபடி எழுதுங்கள். அதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வாகனத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் இதைக் கண்டவர்கள்.

ஆங்கிலம் சுமார் என்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் பக்கங்களிலிருந்து டிப்ளமோ முடித்து இந்த ஊருக்கு வந்த எத்தனையோ பேரிடம் இதே தயக்கத்தைப் பார்க்கிறேன். நேராக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், கைக்கு வரும் நாலு தேய்ந்த சொற்களுக்குள் பதினாலு ஆண்டு உழைப்பையும் அடைத்துவிடுகிறோம். முதலில் தமிழில் பேசுங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, கேஜ் கதையை எனக்குச் சொன்னது போல இன்னும் ஐந்து கதைகளை வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவள் கேள்வி கேட்கட்டும். என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், அதன் பிறகு என்ன மாறியது என்ற மூன்றும் ஒவ்வொரு கதையிலும் வந்தால் போதும். அதன் பிறகு இருவரும் சேர்ந்து சிறு சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் மொழி உறுத்தினால், ரெஸ்யூமே எழுதித் தருபவர்களில் தமிழ் தெரிந்த ஒருவரிடம் திருத்தத்துக்கு மட்டும் கொடுங்கள். அதற்கு இந்த 8,850 ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது வேறொன்று. 14 ஆண்டுகளில் உங்கள் தொழிற்சாலைக்குத் தணிக்கைக்கு வந்த வாடிக்கையாளர் நிறுவனங்களின் சப்ளையர் குவாலிட்டி ஆட்கள், நீங்கள் தணிக்கைக்குப் போன சிறு சப்ளையர்கள், கேஜ் கேலிபரேஷன் செய்து தந்த ஆய்வகத்தினர், உங்களுக்கு முன்பே வேலை மாறிப் போன சகாக்கள் ஆகியோர் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நீங்கள் வேலை தேடுவது தெரியும்? 'சொல்லக் கூச்சமாக இருக்கிறது' என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்பட ஒன்றுமே இல்லை, சகோதரி. அந்த லாட் திரும்பி வந்தபோது எதிர்த்தரப்பில் உட்கார்ந்து உங்கள் 8டி அறிக்கையை ஏற்றுக்கொண்ட அந்த இன்ஜினியர் யார்? முதல் போன் அவருக்குப் போகட்டும். 'வேலை வாங்கித் தாருங்கள்' என்று கேட்க வேண்டாம்; 'உங்கள் சப்ளையர்களில் யாராவது குவாலிட்டிக்கு ஆள் தேடுகிறார்களா, என் பெயரைச் சொல்ல முடியுமா' என்று கேளுங்கள். தனக்கு நல்ல பாகம் வர வேண்டும் என்று நினைக்கும் எவருக்கும், தன் சப்ளையரிடம் நல்ல இன்ஸ்பெக்டர் இருப்பது லாபம்.

பிறந்த தேதி வேண்டாம். தந்தை பெயர், கணவர் பெயர், மதம், புகைப்படம் ஆகியவையும் வேண்டாம். டிப்ளமோ முடித்த ஆண்டை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள். அதைக் கொண்டு வயதைக் கணக்கிடுகிறவர் கணக்கிடட்டும். 14 ஆண்டு அனுபவம் கேட்பவருக்கு நாற்பதைத் தாண்டியவரும் வரக்கூடும் என்பது தெரியும். கேஜ் கதை முதல் பக்கத்தின் மேல்பாதிக்குள் வர வேண்டும். ஐந்து கதைகளும் தயாரானதும் தமிழிலேயே எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.